ராவுத்தர் குதிரையின் வரி பாக்கி

கொடைக்கானலில் குதிரைக்கு வரி உண்டு என்பது சீசனுக்கு வந்து ஏரியைச் சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குத் தெரிய வந்ததுதான் வினை. நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. பழனி அடிவாரத்து வெயிலில் சுகமாகத் திரிந்துகொண்டிருந்த என்னை, பல் கிட்டிக்கும் அந்தக் குளிரில் வரி ஆபீஸ் பில் கலெக்டராகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். காதைச் சுற்றி மப்ளர், தலையில் குல்லா, கக்கத்தில் ரசீதுப் புத்தகம். என்னைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் நான் சிரிக்க மாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், சொன்னவர்கள்மீதும் கோபப்படுவேன்.

வேலை தற்காலிகம். ஒரு வருடம் பார்த்து, பிடித்திருந்தால் நிரந்தரம். இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த ஒருவரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். காப்பித் தம்ளரை வைத்துவிட்டுப் போகும்போது என் கோபமூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன். ஆனால் அவள் அப்பா வியாபாரி. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வேலை பெர்மனென்ட் ஆகட்டும் தம்பி. ஆர்டர் கைக்கு வந்த அன்னைக்கே தேதி குறிச்சிருவோம். ஆகலேன்னா எங்களுக்கும் வேற எடம் பாக்கணும்ல" என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் பேச முடியாது.

எங்கள் மேனேஜர் திண்டுக்கல்காரர். அவரும் தெளிவாகவே பேசினார். "ஏம்ப்பா, சைக்கிள் வரி வருது, வண்டி வரி வருது. குதிரை வரி மட்டும் பாக்கியாவே கெடக்கு. அதுலயும் அந்த ராவுத்தர் பாக்கிய நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. அத வசூல் பண்ணிக் காட்டு, உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுர்றேன். இல்லேன்னா வத்தலக்குண்டுக்கு பஸ் இருக்கு. அங்க மாறி வெள்ளனே ஊர் போய்ச் சேரலாம்."

ஆக, என் கல்யாணம் ஒரு குதிரையின் கழுத்தில் கட்டிக் கிடந்தது.

ராவுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையான, ஒல்லியான மனிதர். வெள்ளைத் தாடி. கைலிக்கு மேலே சந்தையில் வாங்கிய பட்டாளத்து ஓவர்கோட்டு. ஏரிக்கரையில் வாடகைக் குதிரை ஓட்டுகிறவர்களில் மூத்தவர். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று குதிரைகள் இருந்தன. இவருக்கு ஒன்றே ஒன்று. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சாதுவான பெட்டை. அதற்குத்தான் வருடக்கணக்கில் வரி கட்டவில்லை. ஏமாற்றும் எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒவ்வொரு மாதமும் நான் போவேன். "வாங்க சார்" என்று எழுந்து நிற்பார். "அடுத்த மாசம் கட்டிர்றேன் சார்" என்பார். அதற்குள் டீ வந்துவிடும். ஒருவர் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே திட்டிப் பாருங்கள். முடியாது. அந்த மனிதர் எனக்கு வாங்கிக் கொடுத்த டீக்கெல்லாம் காசு சேர்த்திருந்தால் பாக்கியில் பாதி தீர்ந்திருக்கும்.

ஜூன் கடைசி. சீசன் முடிந்து, ஊரைக் காலி செய்துகொண்டு கடைசி பஸ்ஸும் இறங்கிவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு ஜப்தி வாரண்டைக் கையில் கொடுத்தார். "வெரசா போய் அவர் சேணத்தை எடுத்துட்டு வந்துரு. சேணம் இல்லாம சவாரி இல்ல. ஓடி வந்து கட்டிருவார்." நல்ல யோசனைதான். ஆபீஸ் காவல்காரரையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.

ராவுத்தர் எழுந்து நின்றார். வாரண்டைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டீக்கடைப் பக்கம் திரும்பி, "சாருக்கு ஒரு டீ. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடுப்பா, கோவமா இருக்காரு" என்றார்.

பக்கத்தில் நின்ற குதிரைக்காரர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "சேணமும் வேணாம், டீயும் வேணாம். குதிரையவே அவுக்கிறேன்!" என்று கத்தினேன். கத்திவிட்டுக் குதிரையைப் பார்த்தால், வயிறு நன்றாகப் புடைத்து, கொழுகொழுவென்று நின்றது. அடேயப்பா, வரி கட்டக் காசில்லை, குதிரைக்கு மட்டும் இந்தத் தீனியா என்று இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. இதை ஏலம் போட்டால் முழுப் பாக்கியும் வந்துவிடும் என்று உள்ளுக்குள் சந்தோஷமும் வந்தது.

"சார், ஒரு வார்த்தை கேளுங்க. அது ஒடம்பு இப்ப ஒரு மாதிரி..." என்று ராவுத்தர் ஆரம்பித்தார்.

"ஒரு வியாக்கியானமும் வேணாம்!"

"சரிங்க" என்று கயிற்றை அவிழ்த்து என் கையிலேயே கொடுத்தார். "கொள்ளு ஊற வச்சுக் குடுங்க சார். தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். பச்சத் தண்ணி ஆகாது."

அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை.

குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸ் கடைவீதிப் பக்கம். குதிரைக்கு அந்தப் பக்கமே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே வழி. குதிரைகள் நிற்கும் இடத்தில் கிளம்பினால் ஏரியைச் சுற்ற வேண்டும், சுற்றி அதே இடத்துக்கு வர வேண்டும். நான் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் நடக்க, யார் பலசாலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போட்டோக்காரர் நிற்கும் வளைவு வந்ததும் தானாக நின்று முகத்தைத் திருப்பிக் காட்டியது. போட்டோக்காரர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தது. வழியில் ஒருவர், "என்ன சார், சீசன் முடிஞ்ச பொறவு தொழில ஆரம்பிச்சிருக்கீங்க? சவாரி எம்புட்டு?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் குளிர்காற்று உள்ளே போகும் என்பதால் பதில் சொல்லவில்லை. முழு ஏரியையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே, ராவுத்தர் காலடிக்கே வந்து சேர்ந்தோம்.

"அதுக்குள்ள ஒரு சுத்து முடிச்சிட்டீங்களா?" என்றார் அவர். பிறகு எழுந்து வந்து அவரே குதிரையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் கொண்டுவந்து கட்டினார். ஜப்தி செய்த பொருளை ஜப்திக்கு ஆளானவரே தூக்கிவந்து கொடுத்தது எங்கள் ஆபீஸில் அதுதான் முதல் தடவையாம்.

மேனேஜர் வாசலுக்கு வந்தார். "சேணம் எங்கப்பா?"

"குதிரையவே கொண்டாந்துட்டேன் சார்!"

அவர் குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சேணம் திங்காதுல்ல?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தின்றது. அம்மாடி, என்ன தீனி! ஆபீஸ் பின்னால் கல்சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஒரு பழைய வண்டிக் கொட்டகை இருந்தது. எந்த மழைக்கும் ஒழுகாது. அங்கேதான் கட்டினோம். ஜப்தி செய்த பிராணியைச் சர்க்கார் செலவில் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். கொள்ளு, தவிடு, புல்லுக்கட்டு எல்லாம் சர்க்கார் செலவு. ராவுத்தர் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்ப்பார். தண்ணீர் சுடுகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். "வைக்கல மாத்துங்க சார், ஈரமா கெடக்கு" என்று என்னிடமே குறை சொல்லிவிட்டுப் போவார். மாமியார் வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் தோரணை.

பத்து நாள் கழித்து ஒரு காலை, ஆபீஸ் வாசலில் குதிரைக்காரர்கள் வரிசையாகக் குதிரைகளோடு நின்றார்கள். பாக்கி கட்ட வந்திருக்கிறார்கள் என்று என் மனம் குளிர்ந்தது. ஒருவர் முன்னே வந்து, "சார், நாங்களும் வரி கட்டலீங்க. எங்க குதிரையவும் ஜப்தி பண்ணிக்கிருங்க" என்றார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. சீசன் முடிந்தால் குதிரைக்கு வேலை இல்லை, தீனி மட்டும் உண்டு. அதனால் மழைக்காலம் முழுக்க வடகவுஞ்சிப் பக்கம் விவசாயிகளிடம் காசு கொடுத்துக் குதிரைகளை விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். சீசன் ஆரம்பிக்கும்போது போய்க் கூட்டிவருவார்கள். ஏரிக்கரையில் இதைத் தெரியாத ஆள் இல்லை. பழனிக்காரனான எனக்குத் தெரியாது. வருடம் முழுக்க ஜப்தி செய்ய நாள் இருக்க, குதிரையை வைத்துக் காப்பாற்றுவது பெருந்தொல்லையாக இருக்கும் நாளாகப் பார்த்து, அந்தத் தொல்லையைத் தலையில் தூக்கி வந்திருக்கிறேன். மேனேஜர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "எல்லாரையும் போகச் சொல்லு. வரிய மெதுவாக் கட்டட்டும், ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். அந்த ஆபீஸில் அப்படி ஒரு வாசகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ஏலம் போட்டோம். தண்டோராவும் போட்டோம். கூட்டம் வந்தது. எல்லாம் குதிரைக்காரர்கள்தான். குதிரையின் பல்லைப் பார்த்தார்கள், காலைத் தூக்கி லாடத்தைப் பார்த்தார்கள், "அருமையான குதிரை சார்" என்றார்கள். ஒருவரும் வாய் திறந்து விலை கேட்கவில்லை. "ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?" என்று கத்தினேன். "கேட்டு வாங்கிட்டு அவர் மொகத்துல எப்படி சார் முழிக்கிறது?" என்றார்கள். ராவுத்தரும் கூட்டத்தில் ஒருவராக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மறுபடி ஏலம், மறுபடி தண்டோரா, மறுபடி அதே கூட்டம்.

இதற்கு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் என் வருங்கால மாமனார் மலையேறி வந்துவிட்டார். மாப்பிள்ளை ஆபீஸில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வந்தாராம். நான் உட்கார்ந்திருக்கவில்லை. கொட்டகையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியில் கொள்ளு பிசைந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, இது என்ன சோலி?" என்றார்.

"சர்க்கார் சோலிதான்" என்றேன்.

"பில் கலெக்டர் வேலைன்னுல்ல சொன்னாங்க" என்று முனகிக்கொண்டே, மூக்கைத் துண்டால் பொத்தியபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடி விளக்கம் சொன்னேன். என் கை முழுக்கக் கொள்ளு. அவர் இரண்டடி தள்ளியே நடந்தார். "தை மாசம் வரைக்கும் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அந்தச் சிரிப்பை இனி வேறு எவனாவது பார்ப்பான் என்று நினைத்தால் வயிறு எரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் மலையும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. அப்படி ஒரு காலையில் கொட்டகைக் கதவைத் திறக்கிறேன், உள்ளே இரண்டு குதிரைகள். பெரியது நிற்கிறது. பக்கத்தில் வைக்கோலில் இன்னொன்று, சின்னது, நனைந்த உடம்பும் நீட்டுக் காலுமாக என்னைப் பார்க்கிறது.

என் புத்திக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான். எவனோ ஓசித் தீனிக்கு ஆசைப்பட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தன் குதிரையைக் கொண்டுவந்து உள்ளே விட்டிருக்கிறான்! "எவன்டா அவன், இந்த நோஞ்சானக் கொண்டாந்து விட்டது?" என்று ஆபீஸ் அதிரக் கத்தினேன். காவல்காரர் போர்வையோடு ஓடி வந்தார். பார்த்தார். போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், இது யாரும் கொண்டாந்து விட்டது இல்ல. அது போட்ட குட்டி."

கொழுத்த குதிரை என்று நான் பிடித்து வந்தது சினைக்குதிரை. நான்கு மாதம் பக்கத்திலேயே இருந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. அந்தக் குட்டி எழுந்து நிற்கப் பார்த்து, கால் நான்கும் நான்கு பக்கம் போய்த் தொப்பென்று விழுந்தது. எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குனிந்து தூக்கிவிட்டேன். என் மப்ளரைச் சப்பிற்று.

மேனேஜர் குடையோடு வந்து பார்த்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஜப்தி செய்தது ஒன்று, கொட்டகையில் நிற்பது இரண்டு. குட்டி சர்க்காருக்குச் சொந்தமா, ராவுத்தருக்கா? பால்குடியைப் பிரித்துத் தாயை ஏலம் விட முடியுமா? அவர் படித்த சட்டத்தில் இதெல்லாம் இல்லை. "அந்த மனுஷனக் கூப்பிடு. இன்னைக்கே முடிச்சிருவோம்" என்றார்.

ராவுத்தர் வந்தார். முதலில் கொட்டகைக்குப் போய்க் குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஆபீஸுக்குள் வந்தார்.

"முழுப் பாக்கியையும் கட்டிட்டு ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் மேனேஜர்.

"எங்கிட்ட அம்புட்டு இல்லீங்களே. ஏலம் போட்டுப் பாருங்க."

"சரி, முக்காப் பங்கு கட்டுங்க. மிச்சத்துக்கு நான் சிபாரிசு எழுதுறேன்."

ராவுத்தர் தாடியை நீவினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் காவல்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "சார், கொள்ளு தீந்துபோச்சு. குட்டி போட்டதுக்கு வெல்லமும் சேத்துக் குடுக்கணுமாம். காசு வேணும்."

"பாதி!" என்றார் மேனேஜர். "பாதி கட்டுங்க, ராஜி பண்ணிருவோம். மிச்சம் தள்ளுபடி."

"பாதின்னா கட்டிர்றேன்" என்றார் ராவுத்தர். ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தப் பாதியை அன்றே கொண்டுவந்தார்கள். ஏழ்மையை முன்னிட்டு மீதிப் பாதி தள்ளுபடி என்று தீர்மானமும் பிற்பாடு ஆயிற்று. யாருடைய ஏழ்மை என்று அதில் எழுதவில்லை. ரசீதை வாங்கி ஓவர்கோட்டில் வைத்துக்கொண்டு ராவுத்தர் கிளம்பினார்.

"குதிரைய அவுத்துட்டுப் போங்க!" என்றேன்.

"இந்த மழையில குட்டி நடக்காது சார். மழை விடட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். மழை விட இன்னும் பத்து நாள் ஆயிற்று.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆடிட்டர் வந்தார். வரியாக வந்த பாதியையும் தீனிக்குப் போன காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தீனி பெரிதாக இருந்தது. "சேணத்தைப் பிடிக்கச் சொன்ன எடத்துல குதிரையைப் பிடிச்சது யார்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். தீனிச் செலவு முழுவதையும் என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க உத்தரவாயிற்று.

என் கதை தீர்ந்தது என்று பெட்டியைக் கட்டினேன். வசூல் பாதி, செலவு முழுசு, ஆர்டர் எங்கே வரப்போகிறது? மேனேஜர் கூப்பிட்டார். போய் நின்றேன். ஒரு காகிதத்தை நீட்டினார். பெர்மனென்ட் ஆர்டர்.

"என்ன முழிக்கிற? உன்ன ஊருக்கு அனுப்பிட்டா இந்தப் பணத்த நான் யாரு சம்பளத்துல பிடிக்கிறது? அப்புறம் ஆடிட்டர் என் சம்பளத்துல பிடிப்பாரு. ஒழுங்கா இங்கயே கெட."

பழனிக்குப் போய் மாமனாரிடம் ஆர்டரைக் காட்டினேன். கடனையும் மறைக்காமல் சொன்னேன். பூசைச் சாமான் கட்டும் காகிதத்தில் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். "கடன் முடியிற வரைக்கும் வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க. முடிஞ்சா நீங்க சீனியர் ஆயிருவீங்க. தை மாசம் முகூர்த்தம் இருக்கு" என்றார். உள்ளேயிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோபக்காரனான நான் கடை வாசலில் நின்று அழுதேன்.

கல்யாணம் முடிந்து செண்பகனூரில் ஒரு வீட்டுப் பகுதியில் குடியேறினோம். பிடித்தம் போகக் கைக்கு வருவது அரிசிக்கும் விறகுக்கும் சரியாக இருந்தது. என் மனைவிக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தரக்கூட வழியில்லை. அடுத்த சீசன் வந்தது. ஏரிக்கரையில் ராவுத்தர் குதிரைக்குத்தான் கிராக்கி. தாயின் பின்னாலேயே குட்டி ஓட, சமவெளிப் பிள்ளைகளெல்லாம் அதோடு போட்டோ எடுத்துக்கொள்ள அடம்பிடித்தார்கள்.

சீசன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ராவுத்தர் நின்றார். என் மனைவி டீ கொடுத்தாள். குடித்து முடித்து, ஒரு துணி முடிச்சை என் முன்னால் வைத்தார்.

"என் குதிரை தின்ன காச உங்க சம்பளத்துல பிடிக்கிறாங்களாமே சார். போன வாரம்தான் காதுக்கு வந்துச்சு."

எண்ணிப் பார்த்தேன். தீனிச் செலவில் சரியாகப் பாதி. "பாதிதான் இருக்கு" என்றேன், பில் கலெக்டர் வாய் சும்மா இருக்காதே.

"பாதிதான் சார். உங்க ஆபீஸ் வழக்கம்தானே. மிச்சத்தத் தள்ளுபடி பண்ணிருங்க" என்றார் கொஞ்சமும் சிரிக்காமல். பிறகு தாழ்ந்த குரலில், "அன்னைக்கு சினையா இருக்குன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க கத்துனீங்க. அதுக்கு முந்துன குட்டி வடகவுஞ்சியில மழையில நனைஞ்சு செத்துப்போச்சு சார். இந்தத் தடவ அங்க விடவும் காசில்ல, எங்கிட்ட ஒழுகாத கூரையும் இல்ல. நீங்க மட்டும் கோவப்படாம நான் சொன்னதக் கேட்டிருந்தீங்கன்னா சேணத்த எடுத்துட்டுப் போயிருப்பீங்க. இந்தக் குட்டியும் போயிருக்கும்" என்றார்.

பிறந்ததிலிருந்து என் கோபத்தால் யாருக்காவது நல்லது நடந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. மனைவி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ரசீது போட்டுக் குடுங்க சார்" என்றார் ராவுத்தர். பழக்கதோஷம். ஒரு காகிதத்தை எடுத்து, தொகையைப் பெற்றுக்கொண்டேன், மீதி தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்து ஓவர்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் கடைவீதியில் ஒரு கம்பளிச் சட்டை எடுத்தோம். மனைவி அதை எத்தனையோ வருடம் போட்டாள். நான் வீட்டில் கத்தும்போதெல்லாம் அந்தச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "கத்துங்க, கத்துங்க, எதாவது குட்டி பொழைக்கும்" என்பாள்.